தீர்ப்புக்குப் பின் வரும் கடமை

சென்ற ஆண்டு, திருச்சி தில்லை நகர்க் குறுக்குத் தெரு ஒன்றிலுள்ள வழக்கறிஞர் அலுவலகத்துக்கு ஓர் அலுவலாகச் சென்றிருந்தோம். அங்கே காத்திருந்தோரிடையே, பள்ளிப் பருவத்தில் நமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் அமர்ந்திருந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர், எண்பது வயதைக் கடந்தவர். அவர் மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதனுள் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தீர்ப்பு நகல். ஓய்வூதியத்தை மறுநிர்ணயம் செய்து நிலுவையைப் பன்னிரண்டு வாரங்களுக்குள் வழங்க வேண்டுமென்று நீதிமன்றம் ஆணையிட்டு, பத்து மாதங்கள் கடந்திருந்தன.

"தம்பி, வழக்கில் நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்த செய்திதான் இன்னும் அலுவலகத்துக்குப் போய்ச் சேரவில்லை" என்றார் அவர். உண்மையில் தீர்ப்பு அலுவலகத்துக்குச் சேர்ந்திருந்தது. அதற்குச் சான்றாக ஒரு பதில் கடிதமும் உறையில் இருந்தது. இப்பொருள் குறித்து மேலிடத்தில் தெளிவுரை கோரப்பட்டுள்ளது என்பதே அக்கடிதத்தின் சாரம். பிறகு அவர் நம்மிடம் கேட்டார்: "உங்கள் மார்க்க நூல்களில் நீதிபதிகளைப் பற்றி நிறையச் சொல்வீர்கள். தீர்ப்பை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவரைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறதா?"

அவ்விடத்தில் நம்மால் முழுமையாக விடையளிக்க இயலவில்லை. மத்ரஸாவிலும் பின்னர்ப் பல்கலைக்கழகத்திலும் பயின்று, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அரபுக் கல்லூரியில் பாடம் நடத்திவரும் நமக்கு, காழியின் பண்புகளைப் பற்றி மனப்பாடமாகச் சொல்ல இயலும். தீர்ப்பை நிறைவேற்ற வேண்டியவரின் பண்புகளைப் பற்றிக் கேட்டபோது நினைவைத் துழாவ வேண்டியிருந்தது. இக்குறை நம் ஒருவருக்கு மட்டும் உரியதா, நம் சமூகத்தில் நீதியைப் பற்றிப் பேசும் முறைக்கே உரியதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சமர்கந்து நிகழ்ச்சியும் நாம் சேர்த்த முடிவும்

நீதியைப் பற்றிய நம் ஜுமுஆ உரைகளிலும் ஏடுகளிலும் தவறாது இடம்பெறும் நிகழ்ச்சி சமர்கந்துத் தீர்ப்பு. தளபதி குதைபா இப்னு முஸ்லிம் ஹிஜ்ரி 93இல் (கி.பி. 712) அந்நகரினுள் நுழைந்தார். உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) ஆட்சிக்கு வந்தபின், தாங்கள் வஞ்சிக்கப்பட்டதாக அந்நகர மக்கள் முறையிட்டனர். முறையீட்டை விசாரிக்க ஒரு காழியை நியமிக்குமாறு கலீஃபா தம் ஆளுநருக்கு எழுதினார். நியமிக்கப்பட்ட காழி ஜுமைஉ இப்னு ஹாளிர், முஸ்லிம்கள் நகரைவிட்டு வெளியேற வேண்டும் என்று தீர்ப்பளித்தார். இதன்பின் நம் சொற்பொழிவாளர்கள் தொடர்கிறார்கள்: படை கண்ணீரோடு வெளியேறியது, அந்நீதியைக் கண்ட மக்கள் அனைவரும் அங்கேயே இஸ்லாத்தைத் தழுவினர்.

பலாதுரீயின் 'ஃபுதூஹுல் புல்தான்', தபரீயின் வரலாறு ஆகிய முற்கால நூல்கள் அவ்வாறு முடிக்கவில்லை. முஸ்லிம்கள் வெளியேறி இருதரப்பும் சமநிலையில் நின்று மீண்டும் மோதட்டும் என்பதே தீர்ப்பு. மற்றொரு போரை விரும்பாத சமர்கந்து மக்கள், இருக்கும் நிலையே தொடரட்டும் என்று ஒப்புக்கொண்டனர். அதாவது, வென்றவர்களே விட்டுக்கொடுத்ததால் அத்தீர்ப்பு நிறைவேற்றப்பட வேண்டிய தேவையே எழவில்லை.

கண்ணீரோடு வெளியேறும் படையை நாம் ஏன் சேர்த்துக்கொண்டோம்? தீர்ப்போடு கதை முடிந்தால் மனம் நிறைவடைவதில்லை. நிறைவேற்றம் இல்லாத நீதி குறையுடையது என்பதைக் கேட்போர் உள்ளம் அறிந்தே இருக்கிறது. அக்குறையை நாம் அற்புதத்தால் நிரப்பினோம். அரசியல் ஒழுக்கத்தால் நிரப்பவில்லை. முற்கால நூல்கள் தரும் செய்தியிலேயே வியப்புக்குரிய ஒன்று உள்ளது. வெளியேற்றம் என்று தீர்ப்பானால் வெளியேற்றிவிடும்படி கலீஃபா முன்கூட்டியே ஆணையிட்டிருந்தார் என்று பலாதுரீ குறிப்பிடுகிறார். தீர்ப்பு வந்தபின் யோசிக்கலாம் என்று அவர் விட்டுவைக்கவில்லை. நம் உரைகளில் விடுபட்டுப்போவது இந்த வரிதான்.

அலீ (ரலி) அவர்கள் தம் கவசம் குறித்த வழக்கில் காழி ஷுரைஹ் முன்னே தோற்ற நிகழ்ச்சியும் இவ்வாறே எடுத்துரைக்கப்படுகிறது. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் ஆய்வாளர்கள் கூறியிருப்பதை நாம் சொல்வதில்லை. அது ஒருபுறமிருக்க, காழியின் துணிவை நெடுநேரம் புகழ்கிறோம். தீர்ப்பை ஏற்று நடந்த ஆட்சியாளரின் பணிவை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகிறோம்.

மாவர்தீ வகுத்த ஏழாம் கடமை

ஆசிரியர் கேட்ட கேள்விக்கு நேரடியான விடை இமாம் மாவர்தீ (ஹிஜ்ரி 450 / கி.பி. 1058இல் மறைவு) எழுதிய 'அல்-அஹ்காமுஸ் சுல்தானிய்யா'வில் உள்ளது. அதில் 'விலாயத்துல் மளாலிம்', அதாவது அநீதிகளைக் களையும் அதிகாரம் பற்றிய பகுதியில், அவ்வதிகாரம் பெற்றவருக்குரிய பத்துக் கடமைகள் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. ஆளுநர்கள் குடிமக்கள்மீது இழைக்கும் அத்துமீறல் முதலாவது. வரி தண்டுவோரின் கொடுமை இரண்டாவது. அரசு அலுவலகங்களாகிய திவான்களின் எழுத்தர்களைக் கண்காணிப்பது மூன்றாவது. இம்மூன்றையும் ஆராய, பாதிக்கப்பட்டவர் வந்து முறையிடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்கிறார் இமாம். நான்காவது, ஊதியம் பெறுவோர் அது குறைந்துவிட்டது அல்லது தாமதமாகிறது என்று செய்யும் முறையீடு. நம் ஆசிரியரின் ஓய்வூதியம் இதனுள் அடங்கும்.

ஏழாவது கடமையே நம் பொருளின் மையம்: காழிகள் தீர்ப்பளித்தும் நிறைவேறாது நின்றுபோனவற்றை நிறைவேற்றுதல். எதனால் நின்றுபோகின்றன என்பதையும் இமாம் விளக்குகிறார். தீர்ப்புக்கு உள்ளானவர் வலிமையுடையவராகவோ உயர்பதவியினராகவோ இருக்கும்போது, காழியின் கை அவரை எட்டுவதில்லை. ஆகவே காழியைவிட வலிய கை ஒன்று தேவைப்படுகிறது. ஆட்சியின் வலிமையும் நீதியின் நடுநிலையும் ஓரிடத்தில் சேர்வதே மளாலிம். தீர்ப்பு வழங்குவதும் தீர்ப்பை நிறைவேற்றுவதும் இரு வேறு பணிகள் என்பதையும், இரண்டாவது தானாக நிகழாது என்பதையும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இந்நூல் உணர்ந்திருக்கிறது.

இக்கருத்தின் வேர் இன்னும் பழமையானது. உமர் (ரலி) அவர்கள் அபூமூஸா அல்-அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதியதாக அறிவிக்கப்படும் கடிதத்தில், நிறைவேற்றம் இல்லாவிடில் உண்மையைப் பேசிப் பயனில்லை என்ற கருத்து இடம்பெறுகிறது. இக்கடிதம் மெய்யானதா என்பதில் இப்னு ஹஸ்ம் (ரஹ்) ஐயம் எழுப்பினார். ஆயினும் இப்னுல் கய்யிம் (ரஹ்) தம் 'இஃலாமுல் முவக்கிஈன்' நூலில் இதற்கு விரிவான விளக்கம் எழுதும் அளவுக்கு அறிஞர்கள் இதன் கருத்தை ஏற்றுக்கொண்டனர்.

மாவர்தீயைப் போற்றுவதோடு நிறுத்திக்கொள்வதும் முறையன்று. அவருடைய அமைப்பில் ஒரு பெரும் குறை உண்டு. நிறைவேற்றும் வலிய கை இறுதியில் கலீஃபாவின் கையே. கலீஃபாவே அத்துமீறினால் அவர்மீது தீர்ப்பை நிறைவேற்றும் கை எது? இவ்வினாவுக்கு மளாலிம் பற்றிய அப்பகுதி விடை தரவில்லை. மஃமூன் தம் மகனுக்கு எதிராக ஒரு பெண் தொடுத்த முறையீட்டை ஏற்று அவளது சொத்தை மீட்டளித்ததை அவர் எடுத்துக்காட்டுகிறார். அது ஒரு மன்னரின் நற்குணம். நற்குணம் உடைய மன்னர் மறைந்தபின் அம்மன்றமும் வலுவிழந்தது. அப்பாஸியக் கலீஃபாக்களில் அவ்வாறு அமர்ந்தவர்களின் வரிசையை முஹ்ததீயோடு அவரே முடித்துவிடுகிறார். தனிமனித இறையச்சத்தை மட்டும் நம்பிய அமைப்பு நிலைபெறவில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பிற்காலத்தில் அரபு நாடுகள் இதைச் சட்டத்தால் நிரப்ப முயன்றன. சவூதி அரேபியா 1955இல் மளாலிம் என்ற பெயரிலேயே 'தீவானுல் மளாலிம்' அமைத்தது; 1982இல் அது தனி நிர்வாக நீதியமைப்பாயிற்று. எகிப்து தன் தண்டனைச் சட்டத்தின் 123ஆம் பிரிவில், தன் பொறுப்புக்குட்பட்ட தீர்ப்பை அறிவிப்புப் பெற்ற எட்டு நாட்களுக்குப் பின்னும் வேண்டுமென்றே நிறைவேற்றாத அரசு ஊழியருக்குச் சிறையும் பதவி நீக்கமும் விதித்தது. இச்சட்டங்கள் அந்நாடுகளில் முழுமையாக நடைமுறையில் இருப்பதாக நாம் வாதிடவில்லை. குற்றம் குற்றமென்று பெயரிடப்பட்டிருப்பதை மட்டுமே சுட்டுகிறோம்.

ஓர் ஆட்டின் நிறம்

தெளிவுரை கோரும் வழக்கத்துக்கு வருவோம். உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) யமன் ஆளுநர் உர்வா இப்னு முஹம்மதுக்கு எழுதிய கடிதம் ஒன்றை இப்னு ஸஅத் பதிவுசெய்துள்ளார். மக்களிடமிருந்து அநியாயமாகப் பறிக்கப்பட்டவற்றைத் திருப்பித் தருமாறு கலீஃபா ஆணையிட்டிருந்தார். ஆளுநரோ திரும்பத் திரும்ப விளக்கம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். கலீஃபா கடிந்துகொண்டார்: நமக்கிடையே உள்ள தொலைவையும், இடையில் மரணம் வந்துவிடக்கூடும் என்பதையும் நீர் எண்ணுவதில்லை, ஒருவருக்கு ஓர் ஆட்டைத் திருப்பிக் கொடு என்று எழுதினாலும் அது வெள்ளாடா, கறுப்பாடா என்று கேட்பீர் போலும். உரிமையைத் திருப்பிக் கொடும், மீண்டும் என்னிடம் கேட்க வேண்டாம் என்பதே கடிதத்தின் கருத்து.

நம் அலுவலக நடைமுறையை அறிந்தவர் எவரும் இக்கடிதத்தைப் படித்துச் சிரிக்காமல் இருக்க முடியாது. பிறகு வருந்தாமலும் இருக்க முடியாது. தீர்ப்பு நகல் வந்ததும் பிரிவு எழுத்தர் குறிப்பு எழுதுகிறார். கண்காணிப்பாளர் அரசு வழக்கறிஞரின் கருத்துரை தேவை என்கிறார். கருத்துரை வந்தபின் நிதித்துறையின் இசைவு தேவைப்படுகிறது. இடையில் அலுவலர் மாறுதலாகிச் செல்ல, புதியவர் கோப்பைத் தொடக்கத்திலிருந்து பார்க்கிறார். எவரும் "கீழ்ப்படிய மாட்டேன்" என்று எழுதுவதில்லை. நீதிமன்றம் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கச் சொல்லியிருந்தால், பரிசீலித்து நிராகரித்து, ஆணை நிறைவேற்றப்பட்டதாக அறிக்கை அனுப்பப்படுகிறது. 'பரிசீலிக்க' என்னும் இச்சொல் விளைவிக்கும் குழப்பத்தை உச்ச நீதிமன்றமே 2006இல் ஆந்திரப் போக்குவரத்துக் கழக வழக்கொன்றில் விரிவாக எடுத்துரைத்தது. முதியவர் அவமதிப்பு மனு தாக்கல் செய்தபின்பே, காலதாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு மேல்முறையீடு புறப்படுகிறது. மேல்முறையீடு செய்துவிட்டதால் மட்டும் தீர்ப்புக்குத் தடை கிடைத்துவிடாது என்பது சட்டத்தின் தெளிவான நிலை. ஆயினும் அலுவலகம் அவ்வாறே நடந்துகொள்கிறது.

அரசியலமைப்பின் 215ஆம் உறுப்பு உயர் நீதிமன்றத்துக்குத் தன்னை அவமதித்தவரைத் தண்டிக்கும் அதிகாரம் அளிக்கிறது. 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், தீர்ப்புக்கு வேண்டுமென்றே கீழ்ப்படியாமையை உரிமையியல் அவமதிப்பு என்கிறது; ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம் என்று வரையறுக்கிறது. அச்சட்டத்தின் 20ஆம் பிரிவு ஓராண்டுக் கால வரம்பும் வைத்திருக்கிறது. ஆசிரியர் அன்று தில்லை நகருக்கு வந்திருந்ததற்குக் காரணம் அதுதான். தெளிவுரைக்காகக் காத்திருந்தே அந்த ஓராண்டைத் தொலைத்துவிடுவோர் பலர்.

அவமதிப்பின் அளவுகோல்

நம் வாசகர் நெஞ்சில் ஆறாதிருக்கும் ஒரு நிகழ்வையும் இங்கே நிதானமாக நோக்க வேண்டும். 1994 அக்டோபர் 24இல் உச்ச நீதிமன்றம், உத்தரப் பிரதேச முன்னாள் முதலமைச்சர் கல்யாண் சிங் நீதிமன்ற ஆணையை மீறிய குற்றத்துக்காக ஒருநாள் அடையாளச் சிறையும் 2,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அத்தீர்ப்பு, அயோத்தியில் 1992 ஜூலையில் எழுப்பப்பட்ட மேடை தொடர்பானது. அதை டிசம்பர் 6 இடிப்புக்கான தண்டனை என்று நம்மவர் பலர் தவறாக எழுதிவருகின்றனர். இடிப்பு தொடர்பான அவமதிப்பு மனுக்கள் 2022 ஆகஸ்ட் 30இல் முடித்துவைக்கப்பட்டன. மனுதாரர் 2010இலேயே காலமாகிவிட்டிருந்தார். 'இடையில் மரணம் வந்துவிடக்கூடும்' என்ற கலீஃபாவின் கவலை இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது.

நீதிமன்றத்தின் கை எப்போதும் தளர்ந்தே இருந்ததாகச் சொல்வதும் நியாயமாகாது. 2006 மே மாதத்தில், மர அறுவை ஆலைகள் குறித்த ஆணையை மீறியதற்காக மகாராஷ்டிர வனத்துறை அமைச்சருக்கும் முதன்மைச் செயலருக்கும் ஒரு மாதச் சிறை விதிக்கப்பட்டது. 2024 நவம்பர் 13இல், கட்டட இடிப்புகள் குறித்த வழிகாட்டுதல்களை மீறும் அலுவலர் மீட்டெடுப்புச் செலவைத் தம் கையிலிருந்து ஏற்க வேண்டிவரும் என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. உயர் நீதிமன்ற ஆணையை மீறிக் குண்டூர் மாவட்டத்தில் ஏழைகளின் குடிசைகளை அகற்றிய வட்டாட்சியர் ஒருவர் பின்னர்த் துணை ஆட்சியராக உயர்ந்திருந்தார். 2025 மே மாதத்தில் அவரை மீண்டும் வட்டாட்சியராகப் பதவியிறக்கி, ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது அதே நீதிமன்றம். மறுபுறம், 2024 ஜனவரி 3இல், அலுவலர்களை வழக்கமாக நேரில் வரவழைத்து இழிவுபடுத்தலாகாது என்றும் அது வரையறை செய்தது. கடமை தவறாத அலுவலரின் கண்ணியமும் காக்கப்பட வேண்டியதே.

எனினும், இந்தியாவிலும் நீதிமன்றத்துக்கெனத் தனிப்படை இல்லை. ஆணையை நிறைவேற்றுவது அதே நிர்வாகமும் அதே காவல்துறையும்தான். மாவர்தீயின் அமைப்பில் மன்னரின் நற்குணத்தைச் சார்ந்திருந்த ஒன்று, நம் அமைப்பில் ஆயிரமாயிரம் அலுவலரின் மனச்சான்றைச் சார்ந்திருக்கிறது. சட்டம் ஒரு சிலரைத் தண்டிக்கலாம். எல்லாக் கோப்புகளையும் அது நகர்த்த இயலாது.

காவிரிக் கரையில் வாழும் நமக்கு இது புதிதன்று. நடுவர் மன்றம் 1991 ஜூன் 25இல் 205 டி.எம்.சி. நீர் திறக்க இடைக்கால ஆணையிட்டதும், கர்நாடக அரசு ஒரே மாதத்தில் அதை முறியடிக்க அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அது செல்லாது என்று அவ்வாண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. தீர்ப்பு கையில் இருக்க ஆறு வறண்டு கிடப்பதன் வேதனையை முக்கொம்பிலும் ஸ்ரீரங்கத்திலும் நாம் கண்டோம். ஓர் அரசு செய்தபோது பெரும் அநீதியாக நமக்குத் தெரிந்தது, ஒரு மேசையில் ஒரு கோப்பில் நிகழும்போது வெறும் தாமதமாகத் தோன்றுகிறது.

முஸ்லிம் அலுவலரின் மனச்சான்று

இங்கே நம் இளைஞர் சிலர் ஒரு கேள்வி எழுப்பக்கூடும்: ஷரீஅத்தின்படி அமையாத நீதிமன்றத்தின் ஆணைக்குக் கீழ்ப்படிவது மார்க்கக் கடமையாகுமா? அரசுப் பணியில் சேர்ந்தவர் உடன்படிக்கை செய்தவர். உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே பணிக்கிறது. அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு அன்னிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனம் கட்டளையிடுகிறது. தீர்ப்பளிக்கப்பட்ட ஓய்வூதியம் அலுவலகத்தின் சொத்தன்று, பிறருடைய அமானிதம். யூசுஃப் (அலை) மிஸ்ரின் களஞ்சியப் பொறுப்பை ஏற்றிருந்தும், தம் சகோதரரை நிறுத்திவைக்க மன்னரின் சட்டத்தைத் தம் அதிகாரத்தால் மீறவில்லை என்பது யூசுஃப் அத்தியாயத்தின் 76ஆம் வசனத்திலிருந்து விளங்குகிறது. பாவமான செயலில் கீழ்ப்படிதல் இல்லை என்பது உண்மை. ஒரு முதியவருக்குச் சேர வேண்டிய நிலுவையைத் தருவதில் எந்தப் பாவமும் இல்லை.

தீர்ப்பு தவறு என்று அலுவலர் மெய்யாகவே கருதினால் என்ன செய்வது? நீதிபதியின் தீர்ப்பு கருத்து வேறுபாட்டை முடித்துவைக்கிறது என்பது ஃபிக்ஹு அறிஞர்கள் ஏற்ற விதி. ஒருவரின் இஜ்திஹாத் அதற்கு நிகரான மற்றோர் இஜ்திஹாதால் முறிவதில்லை என்பதும் அவர்கள் வகுத்ததே. மேல்முறையீடு என்னும் வாசல் இன்று திறந்திருக்கிறது. உரிய காலத்துக்குள், வெளிப்படையாக, அவ்வாசல் வழியே செல்வது அவருடைய உரிமை. கோப்பை அடியில் தள்ளிவைப்பது, தீர்ப்பளிக்கும் தகுதியை யாருக்கும் தெரியாமல் தமக்குத்தாமே வழங்கிக்கொள்வதாகும்.

இறுதியாக நம்மைப் பற்றியும் பேச வேண்டும். அரசு அலுவலரைக் குறைகூறும் நாம், நம் பள்ளிவாசல் நிர்வாகங்களில் என்ன செய்கிறோம்? வக்ஃபு தீர்ப்பாயம் கணக்கை ஒப்படைக்கச் சொன்னபின்னும் பேரேட்டை வீட்டில் வைத்திருக்கும் முத்தவல்லிகள் நம்மிடையே இல்லையா? தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தால் நீதித்துறையைப் போற்றி, பாதகமாக வந்தால் நிறைவேற்றத்தைத் தள்ளிப்போட வழி தேடுவதில்லையா? நீதிக்குச் சாட்சிகளாக, அது நமக்கே எதிராக இருப்பினும் உறுதியாக நிற்குமாறு அன்னிஸா 135ஆம் வசனம் ஏவுகிறது. தீர்ப்புக்குப் பின் வரும் கடமையே அவ்வுறுதிக்குக் கடினமான சோதனை.

மாதத்துக்கு ஒருமுறையோ இரு மாதத்துக்கு ஒருமுறையோ மளாலிமுக்காக ஓர் அமர்வாவது அமருமாறு இமாம் அபூயூசுஃப் (ரஹ்) 'கிதாபுல் கராஜ்' நூலில் ஹாரூன் ரஷீதுக்கு அறிவுரை கூறினார். அச்செய்தி எட்டினாலே தொலைவிலுள்ள அதிகாரிகள் அஞ்சித் திருந்துவர் என்பது அவர் கருத்து. ஒவ்வொரு மாவட்ட அலுவலகமும், ஒவ்வொரு ஜமாஅத்தும், தனக்கு எதிராக வந்து நிறைவேறாதிருக்கும் தீர்ப்புகளை மாதம் ஒருமுறை எடுத்துப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்துவது பெருஞ்செலவு பிடிக்கும் செயலன்று. நம் அரபுக் கல்லூரிகளில் காழியின் ஒழுக்கத்தைப் பயிற்றுவிக்கும் பாடத்தோடு, மாவர்தீயின் ஏழாம் கடமையையும் சேர்த்துப் பயிற்றுவிக்கலாம். நம் மாணவர்களில் காழியாவோர் மிகச் சிலர். அலுவலராவோரும் நிர்வாகிகளாவோரும் அவர்களைவிட மிகுதி.

ஆசிரியரின் அவமதிப்பு மனு ஓராண்டு முடிவதற்குப் பதினெட்டு நாட்கள் எஞ்சியிருக்கும்போது தாக்கலாயிற்று. நிலுவையில் ஒரு பகுதி இவ்வாண்டு அவர் கணக்கில் சேர்ந்தது. எஞ்சியது குறித்து இன்னும் கடிதப் போக்குவரத்து நடக்கிறது. ஸ்ரீரங்கத்தில் அவர் இல்லத்துக்குச் சென்றிருந்தபோது, அவருடைய கேள்விக்கான விடையாக யமன் ஆளுநரின் கதையைச் சொன்னோம். நெடுநேரம் சிரித்துவிட்டு, "அந்த ஆட்டுக்காரருக்கு ஆடு கிடைத்ததா, தம்பி?" என்று கேட்டார். அதை இப்னு ஸஅத் பதிவுசெய்யவில்லை என்றோம்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.